உருளை மைசெல் சரியாக வளராவிட்டால்: குறியைப் பார்த்துக் கோளாறைப் பிடித்தல்

பங்குனி, சித்திரையில் யாழ்ப்பாணத்து ஆய்வுகூட மேசையில் வெப்பமானியை வைத்தால் மத்தியானத்தில் 32, 33 பாகை காட்டும். பொலிமர் மைசெலை உருளையாக வளர்க்கும் செய்முறை எதை எடுத்தாலும் அதில் "சூடாக்கிக் கரைத்து, அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, அப்படியே வைக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். எழுதியவர்களின் அறை பிரிஸ்டலிலோ ரொறன்ரோவிலோ பர்மிங்காமிலோ இருந்தது. அங்கே அறை என்றால் 20 முதல் 23 பாகைதான். பொலிமரை, கரைப்பானை, செறிவை எல்லாம் அச்சொட்டாக எடுத்துக்கொண்டு இந்தப் பத்துப் பாகையை மட்டும் கணக்கில் விடுகிறோம். கீழே வரும் குறிகளில் பலவற்றுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழவேண்டும். (இந்தக் குறிப்பில் பாகை எல்லாம் செல்சியஸ்.)

கோளாறு பார்க்க முன்னர், கோளாறில்லாத போது என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளொக் கோபொலிமர் என்பது ஒரே சங்கிலியில் இரண்டு வேறு பொலிமர்த் துண்டுகள் இணைந்தது. ஒரு துண்டுக்குக் கரைப்பான் பிடிக்கும், மற்றதுக்குப் பிடிக்காது. பிடிக்காத துண்டுகள் உள்ளே கூடி உள்ளகமாகின்றன. பிடித்தவை வெளியே நீட்டி வெளியுறையாகின்றன. அதுதான் மைசெல். உள்ளகம் பளிங்காகாத பொலிமர் என்றால் வடிவத்தை இடநெருக்கமே தீர்மானிக்கும். 1976இல் இஸ்ரேலாச்விலி, மிச்சல், நின்ஹாம் மூவரும் கொடுத்த கணக்கு இது: வாலின் கனவளவை, தலை பிடிக்கும் பரப்பாலும் வாலின் நீளத்தாலும் வகுக்கவேண்டும். விடை மூன்றிலொன்றுக்குக் கீழே என்றால் கோளம். மூன்றிலொன்றுக்கும் அரைக்கும் இடையில் உருளை. அதற்கு மேலே பையும் தகடும். உருளைக்குக் கிடைக்கும் இடைவெளி ஒடுக்கமானது.

உள்ளகம் பளிங்காகக் கூடிய பொலிமர் என்றால் கதை வேறு. பளிங்கின் இரண்டு முனைகளும் திறந்தே இருப்பதால் புதுச் சங்கிலிகள் அங்கே வந்து சேர, மைசெல் நீளப்பாட்டில் வளரும். இரும்பணு உள்ள பொலிபெரோசீனைல்சிலேனை வைத்து மனர்ஸ், வினிக் குழுவினர் 2007இல் காட்டியது இதைத்தான்: வளர்ந்து முடிந்ததாகத் தோன்றும் உருளைக்குப் புதிய பொலிமரைக் கொடுத்தால் அது விட்ட இடத்திலிருந்து மீண்டும் வளர்கிறது. 2010இல் நீண்ட உருளைகளை உடைத்துச் சிறு விதைகளாக்கி, அவற்றிலிருந்து ஏறக்குறைய ஒரே நீள உருளைகளை எடுத்தார்கள். பாணிக்குள் நூல் கட்டிப் பனங்கற்கண்டு விளைவிப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல: கண்ட இடத்தில் பளிங்கு பிறக்க விடாமல், வைத்த இடத்திலேயே படிய வைப்பது.

கணக்கு எளியது. இறுதி நீளம் என்பது விதையின் நீளத்தை, ஒன்றுடன் திணிவு விகிதத்தைக் கூட்டிய தொகையால் பெருக்கியது. திணிவு விகிதம் என்றால் சேர்த்த பொலிமரின் திணிவை விதையின் திணிவால் வகுத்தது. 50 நனோமீற்றர் விதை, ஒன்பது மடங்கு பொலிமர்: 500 நனோமீற்றர். பத்தொன்பது மடங்கு என்றால் 1000. இந்த நேர்கோடு எங்கே வளைகிறது என்று பார்ப்பதுதான் பாதி நோயறிதல்.

இரும்புப் பொலிமரைச் செய்ய வளியும் ஈரமும் அறவே படாத ஏற்பாடு வேண்டும். அதனால் இங்கே கையாளச் சுலபமானது பொலிகப்ரோலக்டோன் உள்ளகம். சிலர் பொலிலக்டைட் எடுப்பார்கள். கரைப்பான் எதனோல் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கப்ரோலக்டோன் உள்ளகத்தில் விதை வளர்ச்சியை 2017இல் டவ், ஓரைலி குழுவினர் எதனோலில் செய்து, பிறகு தண்ணீருக்கு மாற்றிக் காட்டினார்கள். நம்மில் அநேகர் தொடங்குவதும் அந்தத் தடத்தில்தான்.

ஆறவிட்டும் ஒன்றும் உருவாகவில்லை. கரைசல் தெளிவாகவே நிற்கிறது

முதலில் உண்மையாகவே ஒன்றும் இல்லையா என்று பாருங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு அரை மில்லிகிராமுக்குக் குறைந்த செறிவில் நல்ல உருளைகள்கூடக் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, விரிவுரையில் சுட்டிக்காட்டும் சிவப்பு லேசரைக் குப்பிக்குள் அடியுங்கள். கதிரின் பாதை கோடாகத் தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. வெறும் எதனோல் குப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கண்ணாடியின் தூசியும் ஒளியைச் சிதறும்.

கோடு தெரியாவிட்டால் வெப்பநிலைக்கு வருவோம். பளிங்கு பிறக்க வேண்டுமானால் கரைசல் மிகை நிரம்பலில், அதாவது கொள்ளக் கூடியதை விடக் கூடுதலான பொருள் கரைந்த நிலையில், இருக்கவேண்டும். 22 பாகையில் போதுமான அளவு மிகை நிரம்பலில் நிற்கும் ஒரு செறிவு, 33 பாகையில் பளிங்குக் கரு பிறக்காமல் நாட்கணக்கில் சும்மா கிடக்கலாம். உள்ளகத் துண்டு குட்டையானால் இது இன்னும் மோசம், ஏனெனில் குட்டைச் சங்கிலியின் பளிங்கு குறைந்த வெப்பத்திலேயே கரையும். ஆய்வுகூடத்தில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அக்கா, ஒரு நாளில கலங்கும் எண்டு கட்டுரையில கிடக்கு. இது கனநாளாத் தெளிவாத்தான் நிக்குது. பொலிமர் பிழையோ?"

"பொலிமரை ஏன் குறை சொல்லுறாய் தங்கச்சி? மூடியைத் திறக்காமல் 20 பாகைத் தண்ணிக்குள்ள வை. நாளைக்குப் பாப்பம்."

குளிரூட்டும் தண்ணீர்த் தொட்டி இல்லாவிட்டால் ரெஜிபோம் (வெப்பம் கடத்தாத வெள்ளை நுரை) பெட்டி போதும். பெட்டி நிறையத் தண்ணீர் விட்டு, உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை ஒரு பக்கத்தில் மிதக்க விட்டு, மறுபக்கத்தில் குப்பிகளை வையுங்கள். வெப்பமானி குப்பிகளின் பக்கம் இருக்கவேண்டும், போத்தலின் பக்கம் அல்ல. தண்ணீர் அதிகம் இருந்தால் ஏற்ற இறக்கம் குறையும். போத்தலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது பெட்டியின் அளவைப் பொறுத்தது. வெறும் தண்ணீரோடு ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மாதிரியை வையுங்கள்.

அவசரப்பட்டு 70 பாகையிலிருந்து நேரே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஏதோ ஒன்று கட்டாயம் உருவாகும். ஆனால் எல்லாக் கருவும் ஒரே நேரத்தில் பிறந்து, குட்டைக் குட்டையாகவும் ஒன்றோடொன்று ஒட்டியும் வரும். பிறகு "இந்தப் பொலிமர் உருளை தராது" என்று ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

20 பாகையிலும் ஒன்றும் இல்லையென்றால் மிச்சம் இரண்டு காரணங்கள். ஒன்று, நல்ல கரைப்பான் உள்ளே தங்கியிருப்பது. பொலிமரைத் தூய்தாக்கும்போது பயன்படுத்திய ரி.எச்.எவ். (தெத்ராஐதரோபியூரான் என்னும் கரைப்பான்) முழுவதும் போகாமல் இருந்தால் உள்ளகத் துண்டைக் கரைசலிலேயே பிடித்து வைத்திருக்கும். வெற்றிடத்தில் திணிவு மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். மற்றது, கப்ரோலக்டோன் துண்டு உண்மையாகவே அளவுக்கு மிஞ்சிக் குட்டையாக இருப்பது. அதற்கு வேறு பொலிமர்தான் வழி.

உருளைக்குப் பதில் புள்ளிப் புள்ளியாகக் கோளங்கள்

பொலிலக்டைட் என்றால் போத்தலின் சிட்டையை முதலில் வாசியுங்கள். எல் வகை லக்டைட் பளிங்காகும். டிஎல் என்று போட்டிருந்தால் அது இடக்கையும் வலக்கையும் கலந்தது. அதிலிருந்து வரும் சங்கிலி பளிங்காகாது. எத்தனை நாள் வைத்தாலும் கோளம் கோளமாகவே இருக்கும். மருந்துத் துகள் செய்பவர்கள் டிஎல் வகையைத்தான் விரும்புவார்கள், அதனால் அலுமாரியில் அது இருப்பது அதிசயமில்லை.

எல் வகைதான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, எந்த வெப்பநிலையில் வைத்தீர்கள் என்பது. பொலிலக்டைட்டின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 55 முதல் 60 பாகை. அதற்குக் கீழே, தண்ணீருக்குள், உள்ளகச் சங்கிலிகள் அசையாமல் இறுகிப்போகும். பளிங்காக ஆசைப்பட்டாலும் திரும்பிப் படுக்க இடமில்லை. 2012இல் கோளத்திலிருந்து கோலாக மாறும் வழியைக் காட்டிய ஆய்வில் ரி.எச்.எவ். கலந்த தண்ணீரில் 65 பாகையில் சூடாக்கியது இதற்காகத்தான். ரி.எச்.எவ். உள்ளகத்தை இளக்குகிறது, வெப்பம் அசைய விடுகிறது. இங்கே நம்முடைய வெயில் உதவாது. 33 பாகை இந்தப் பொலிமருக்குக் குளிர்தான்.

கப்ரோலக்டோனின் நிலை வேறு. அதன் கண்ணாடி நிலைமாற்றம் மறை 60 பாகையளவில் இருப்பதால் சங்கிலிகள் எப்போதும் அசையக் கூடியவை. ஆனாலும் ரி.எச்.எவ். கரைசலை நேரே தண்ணீருக்குள் சொட்டவிட்டால் அடிக்கடி கோளமே வரும். தண்ணீர் இந்தத் துண்டை ஒரேயடியாக வெறுப்பதால் பளிங்காக முன்னரே சங்கிலிகள் உருண்டு கூடிவிடும். கூடிய பின்னர் ஒரு மைசெலிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலி போய்வருவது நடக்காத காரியம். எதனோலில் உருளையை வளர்த்துவிட்டு, பிறகு மென்றகட்டுப் பைக்குள் (சிறு மூலக்கூறுகளை மட்டும் கடக்க விடும் பை) விட்டு மெதுவாகத் தண்ணீருக்கு மாற்றுவதே பத்திரமான வழி.

வெளியுறை உள்ளகத்தை விட மிகவும் நீண்டிருந்தாலும் கோளம் வரும். வெளிச் சங்கிலிகள் நெருக்குப்பட்டு, பரப்பு வளைய வேண்டும் என்று இழுக்கும். எவ்வளவு நீளம் சரி என்பது சோடிக்குச் சோடி மாறும். பொலிபெரோசீனைல்சிலேனும் சிலிக்கோனும் சேர்ந்த சோடியில் ஒன்றுக்கு ஆறு என்ற விகிதம் நீண்ட உருளைகளைத் தந்தது; அதை அப்படியே கப்ரோலக்டோனுக்கு எடுத்து வைக்கமுடியாது.

உருளை கேட்டால் தட்டு வருகிறது

மாரிகாலத்துக் கோளாறு என்று இதை நான் சொல்லுவேன். ஐப்பசி, கார்த்திகையில் பொலிமரை ஆய்வுகூடத்திலேயே செய்பவர்களுக்கு அடிக்கடி வரும்.

கப்ரோலக்டோன் வளையத்தைத் திறந்து சங்கிலியாக்க ஐதரொட்சில் முனை ஒன்று வேண்டும். வெளியுறைத் துண்டாகும் பொலிஎதிலீன் கிளைக்கோலின் முனையை அதற்கு வைக்கிறோம், வெள்ளீய ஒக்டொவேட் ஊக்கியாக. ஆனால் தண்ணீருக்கும் ஐதரொட்சில் உண்டு. மழைநாளில் கிளைக்கோல் போத்தலைத் திறந்து வைத்தால் அது வளியின் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன் பங்குக்கு ஒரு கப்ரோலக்டோன் சங்கிலியைத் தொடக்கிவிடும். அந்தச் சங்கிலிக்கு வெளியுறைத் துண்டே இல்லை. அது பளிங்கில் சேரும்போது பக்கவாட்டுப் பரப்பை மூடிக் காக்க ஆளில்லாததால், வளர்ச்சி நீளத்தில் மட்டும் நிற்காமல் அகலத்துக்கும் ஓடும். பிளொக் கோபொலிமரோடு தனிப்பொலிமரை வேண்டுமென்றே கலந்து ஒழுங்கான தட்டு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு அது கேட்காமலே கிடைத்திருக்கிறது.

இதை அணுக்கருக் காந்தப் பரிவு நிறமாலையில் தேடாதீர்கள். அது மொத்த விகிதத்தைத்தான் சொல்லும். சங்கிலிகள் ஒட்டியிருக்கின்றனவா தனித்தனியா என்று பிரித்துச் சொல்லாது. சங்கிலிகளை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல் ஊடுருவல் நிறப்பகுப்பு வரைபடத்தில் பிரதான உச்சிக்குச் சிறிய மூலக்கூற்றுத் திணிவுப் பக்கத்தில் ஒரு தோள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டு, அடுத்த முறை கிளைக்கோலைத் தொலுயீனில் கரைத்துக் காய்ச்சி, ஈரத்தைத் தொலுயீனோடு சேர்த்து வெளியேற்றிய பிறகு தொடங்குங்கள். கப்ரோலக்டோனையும் கல்சியம் ஐதரைட்டின் மேல் வைத்துக் காய்ச்சி வடிக்கவேண்டும்.

தோள் இல்லாமலும் தட்டு வந்தால் வெளியுறைத் துண்டு குட்டை என்று பொருள்.

நீளம் கணக்கை விட அதிகமாக வருகிறது

எல்லாரும் சந்தோஷப்பட்டுக் கடந்துபோகும் குறி இது. கடந்து போகக்கூடாது.

விதை 50 நனோமீற்றர், பொலிமர் ஒன்பது மடங்கு, வரவேண்டியது 500. வந்தது 900 என்றால் பொலிமர் வானத்திலிருந்து வரவில்லை. விதைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. சில விதைகள் கரைந்து, அவற்றின் சங்கிலிகளும் மிச்ச விதைகளின் முனைகளில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பளிங்கின் ஒழுங்கு எல்லா விதையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெப்பம் ஏறும்போது ஒழுங்கு குறைந்தவை முதலில் கரையும். ஆறும்போது தப்பியவை வளரும். 2011இல் இதையே ஒரு முறையாக்கினார்கள், சுயவிதைப்பு என்று: துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலைக்குச் சூடாக்கி ஆறவிட்டால், வெப்பநிலையோடு நீளம் அடுக்குக்குறியில் ஏறுகிறது. அதாவது சில பாகை வித்தியாசம் நீளத்தைப் பல மடங்காக்கும்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். விதைக் குப்பி மேற்குப் பார்த்த யன்னலோரம் கிடக்கிறது. பின்னேர வெயில் அடிக்கிறது. அறை வெப்பமானி 33 காட்டலாம். வெயில் படும் குப்பிக்குள் அதைவிடக் கூட இருக்கும். இரவில் ஆறுகிறது. நீங்கள் தூங்கும் போது ஒரு சுயவிதைப்புப் பரிசோதனை தானாக நடந்து முடிந்துவிடும். அடுத்த நாள் அந்த விதையை 50 நனோமீற்றர் என்று நம்பிக் கணக்குப் போடுகிறோம்.

இதற்கு மருந்து இரண்டு. விதைகளைத் தயாரித்த உடனே நான்கு பாகையில், இருட்டில் வையுங்கள். பயன்படுத்தும் அன்றைக்கே அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். போன மாதத்து அளவு இன்றைக்குச் செல்லாது. அப்புறம், வளர்ச்சியை ஒரே விகிதத்தில் செய்யாமல் நாலைந்து விகிதங்களில் செய்து நீளத்தை விகிதத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு நேராக இருந்து, அதன் சரிவு விதை நீளத்தை விடக் கூடுதலாக இருந்தால் விதை கரைந்திருக்கிறது. நேராகத் தொடங்கி, கூடிய விகிதங்களில் கீழே தொங்கினால் அது அடுத்த குறி.

கரண்ட் நிற்பதும் இங்கேதான் உதைக்கும். வெறுமனே 70 பாகையில் கரைத்துக்கொண்டிருக்கும் போது நின்றால் பெரிய நட்டமில்லை; வந்த பிறகு மறுபடி முழுவதும் கரைத்து ஆறவிடலாம். ஆனால் விதைகளைக் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் பிடித்து வைத்திருக்கும் போது நின்றால், ஆறியதை விட மோசமானது கரண்ட் திரும்பி வரும் நேரம். மலிவான சூடாக்கிகள் மறுபடி ஏறும்போது குறித்த எண்ணைத் தாண்டிச் சில பாகை மேலே போய்த்தான் இறங்கும். விதைக்கு நினைவில் நிற்பது அந்த உச்சி. தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் இந்தத் தாண்டல் குறையும். முடியாதென்றால் குப்பியை வெளியே எடுத்துவிட்டுச் சூடாக்கி நிலைக்கு வரும்வரை காத்திருங்கள்.

நீளம் குறைவு, அல்லது நீண்டதும் குட்டையும் கலந்து வருகிறது

விதை இல்லாமல் சூடாக்கி ஆறவிட்டு எடுத்தது என்றால் நீளம் கலந்துதான் இருக்கும். கருக்கள் வெவ்வேறு நேரத்தில் பிறக்கின்றன, முதலில் பிறந்தது நீண்டு போகிறது. அது கோளாறில்லை, அந்த முறையின் குணம்.

விதை போட்டும் கலந்து வந்தால், புதுப் பொலிமரின் ஒரு பகுதி விதையைத் தேடிப் போகாமல் தனக்குள்ளே கருவாகியிருக்கிறது. புதுப் பொலிமரை ரி.எச்.எவ்.இல் கரைத்துத்தான் விதைக்குக் கொடுப்போம்; அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிற்கும்போது சொட்டு விழும் இடத்தில் செறிவு ஒரு கணம் எக்கச்சக்கமாக ஏறும். அதற்குள் கரு பிறந்துவிடும். குழாயியின் நுனியைத் திரவத்துக்குள் வைத்து ஒரேயடியாக விட்டு, குப்பியைச் சில விநாடி குலுக்கி, பிறகு அசையாமல் வைத்துவிடுங்கள். காந்தக் கலக்கியை இரவு முழுக்க ஓடவிடுவது கூடாது. நீண்ட உருளைகள் முறியும். பெரிய விகிதம் தேவையென்றால் பொலிமரை ஒரே தடவையில் கொட்டாமல், ஒவ்வொரு பங்கும் வளர்ந்து முடிய நேரம் கொடுத்துப் பங்கு பங்காகச் சேர்க்கலாம்; உருளையின் முனை காத்திருக்கும்.

எல்லா நீளமும் ஒரே அளவில், ஆனால் கணக்கை விடக் குட்டையாக இருந்தால் இரண்டு இடம் பாருங்கள். சூடான அறையில் எதனோல் கூடுதலான பொலிமரைக் கரைசலிலேயே வைத்திருக்கும். அந்தப் பங்கு உருளையில் சேராது. 20 பாகைக்கு இறக்கி இன்னொரு நாள் வைத்தால் நீளம் ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஏறாவிட்டால் எடை நிறுத்ததில் பிழை தேடுங்கள்.

எடைப் பிழை எதிர்ப்பக்கமும் போய் நீளத்தைக் கூட்டும். ரி.எச்.எவ். 66 பாகையில் கொதிப்பது. நம்முடைய மத்தியானத்தில் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலே ஆவியாகிப் போகும். காலையில் மில்லிலீற்றருக்கு 25 மில்லிகிராம் என்று செய்த கரைசல் பின்னேரம் அதே செறிவில் இருக்கும் என்று நம்பமுடியாது. செய்த உடனே குப்பியை மூடியோடு நிறுத்து, அந்த எண்ணைக் குப்பியிலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். ஒவ்வொரு முறையும் திறக்க முன்னர் மறுபடி நிறுத்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும், அந்த அளவு ரி.எச்.எவ். விட்டுச் சரிக்கட்டலாம். எடுத்து முடித்த பிறகும் ஒருமுறை நிறுத்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் எடுத்ததும் ஆவியானதும் கலந்துபோகும். சேர்க்கும் ரி.எச்.எவ். மொத்தக் கனவளவில் நூற்றுக்கு ஐந்துக்குள் நின்றால் நல்லது. அதற்கு மேலே போகப் போக அது விதையையே தின்னத் தொடங்கும்.

விதை குட்டையாகவில்லை, அல்லது விதைக்குள் கறுப்புத் துணிக்கைகள்

கண்ணாடிப் பாத்திரம் கழுவும் தொட்டி வகைச் சொனிக்கேற்றரில் (மீயொலியால் அதிரவைக்கும் கருவி) உடைத்தால் மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் உடையும். கோல் வகை வேகமானது, ஆனால் திரவத்தைச் சூடாக்கும். சூடானால் உடைவதோடு கரைவதும் சேர்ந்து நடக்கும். ஐஸ் தண்ணீருக்குள் குப்பியை வைத்து, சில விநாடி ஓட்டிச் சில விநாடி நிறுத்தி, இடையிடையே மாதிரி எடுத்துப் பாருங்கள். கறுப்புத் துணிக்கைகள் கோலின் நுனியிலிருந்து தேய்ந்து விழும் தைத்தேனியம். நுனி குழி விழுந்திருந்தால் மாற்றவேண்டும்; அதுவரை மாதிரியை மையநீக்கியில் மெதுவாகச் சுழற்றி மேலே நிற்பதை எடுங்கள்.

கலங்கி, திரண்டு, அடியில் இறங்குகிறது

நீண்ட உருளைகள் நாளடைவில் அடியில் இறங்குவது இயல்பு. குப்பியை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் திரும்பப் பரவுகிறதா? அப்படியானால் ஒன்றும் செய்யவேண்டாம். சொனிக்கேற்றரைத் தொடவே வேண்டாம், அது திரும்பப் பரப்பாது, முறித்துவிடும். செறிவு கூடிய மாதிரி கவிழ்த்தாலும் வழியாமல் கூழாக நிற்பதும் நோயில்லை. உருளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன.

கவிழ்த்தாலும் கரையாத வெள்ளைத் திரள் என்றால், உங்கள் வெளியுறை பொலிஅக்ரிலிக் அமிலமா? அப்படியானால் கிணற்றைச் சந்தேகியுங்கள். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்பது. கல்சியம் தாராளமாக இருக்கும். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையே சாட்சி. கல்சியம் அயனுக்கு இரண்டு ஏற்றம். அது ஓர் உருளையின் அமிலக் கூட்டத்தையும் பக்கத்து உருளையின் அமிலக் கூட்டத்தையும் சேர்த்துப் பிடித்துப் பாலம் போட்டுவிடும். "நான் காய்ச்சி வடித்த நீர்தான் விட்டேன்" என்பார்கள். சரி, குப்பியைக் கடைசியாக எதில் அலசினீர்கள்? குழாய் நீரில் அலசிக் காயவிட்ட குப்பியின் சுவரில் ஒரு மெல்லிய வெள்ளைப் படலம் நிற்கும். ஐதான அமிலத்தால் கழுவி, பிறகு அயன் நீக்கிய நீரால் பலமுறை அலசிய குப்பியில் மறுபடி செய்யுங்கள். வடிகலத்துக்கு வெளியே வரும் நீரின் மின்கடத்துதிறனையும் ஒருமுறை அளந்து பாருங்கள். உள்ளே உப்புப் படிந்த வடிகலம் கொதிக்கும்போது துளிகளைத் தெறித்து அந்தப் பக்கம் அனுப்பும்.

வெளியுறை ஏற்றமில்லாத கிளைக்கோல் என்றால் கல்சியம் அவ்வளவு பாதிக்காது. அங்கே எதனோலிலிருந்து தண்ணீருக்கு மாற்றும் வேகத்தைக் குறையுங்கள்.

ஒளிச்சிதறல் ஒரு எண் சொல்கிறது, படம் இன்னொன்று காட்டுகிறது

ஒளிச்சிதறலால் அளவு காணும் டி.எல்.எஸ். கருவி எல்லாவற்றையும் கோளம் என்று வைத்தே கணக்குப் போடும். 500 நனோமீற்றர் நீளமும் 20 நனோமீற்றர் தடிப்பும் உள்ள உருளைக்கு அது சுமார் 140 நனோமீற்றர் விட்டம் என்று சொல்லும். இரண்டும் பிழையில்லை. ஒரே மாதிரியின் எண் நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அந்தக் கருவி நல்லது; நீளத்தை அதனிடம் கேட்கவேண்டாம்.

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தெரியவில்லை, அல்லது இங்கே பார்த்ததும் அங்கே வந்ததும் வேறு

இரும்புப் பொலிமர் சாயமில்லாமலே கறுப்பாகத் தெரியும். கப்ரோலக்டோனில் காபனும் ஒட்சிசனும் ஐதரசனும்தான்; பின்னணியும் காபன் படலம். சாயம் ஏற்றாவிட்டால் வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடுதான். யுரேனைல் அசற்றேற்று கதிரியக்கப் பொருள் என்பதால் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் தலையிடி. பொஸ்போதங்ஸ்திக் அமிலம் போதும். துளியைத் தானாகக் காயவிடாமல், வடிதாளின் ஓரத்தால் உறிஞ்சி எடுங்கள். மாரியில் துளி காய நெடுநேரம் எடுக்கும், அதற்குள் உருளைகள் விளிம்புக்கு ஒதுங்கிக் கட்டுக் கட்டாகச் சேர்ந்து, கரைசலிலேயே திரண்டிருந்தது போலப் பொய்ப் படம் காட்டும்.

மாதிரியை கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள் கவனிக்கவேண்டியது பஸ்ஸின் பொதிப்பெட்டி. ஏறக்குறைய 400 கிலோமீற்றர், பல மணிநேரம், மூடிய இரும்புப் பெட்டிக்குள் பகல் வெயில். குப்பியில் திரவமாக அனுப்பினால் வழியிலேயே விதை கரைந்து, அங்கே போய் ஆறி வளர்ந்து நிற்கும். இங்கேயே வலைத்தட்டில் (நுணுக்குக்காட்டிக்குள் மாதிரியைத் தாங்கும் சிறு வலை) துளியை வைத்து உறிஞ்சி, காயவைத்து, வலைத்தட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு அனுப்புங்கள். கப்ரோலக்டோன் பளிங்கு உருகுவது 60 பாகையை ஒட்டி, உள்ளகம் குட்டையானால் அதற்கும் கீழே. ஆகவே காய்ந்த வலைத்தட்டும் ரெஜிபோம் பெட்டிக்குள்தான் போகவேண்டும். திரவமும் சேர்த்து அனுப்பத்தான் வேண்டுமென்றால் இரவு பஸ்ஸில், பெட்டிக்குள் குளிர்ப் பொதி வைத்து அனுப்புங்கள். தண்ணீரில் இருக்கும் மாதிரி என்றால் குளிர்ப் பொதிக்கும் குப்பிக்கும் நடுவே மடித்த துணி இருக்கட்டும். உறைந்தால் பனிப் பளிங்கு உருளைகளை நெரித்துத் திரள வைத்துவிடும். அதே குப்பியிலிருந்து ஒரு பங்கை நான்கு பாகையில் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புப் படம் வித்தியாசமாக வந்தால், டி.எல்.எஸ்ஸில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க அது வேண்டும்.